புல்வெளிக்கு ஒரு மன்றாட்டு

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் திடலில் 'அடையாளம் தெரியாத ஆட்கள்' பந்து விளையாடுவதாக நகர மன்றத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அப்பா சொல்லச் சொல்லக் கைபேசியில் தட்டினேன். ஆனால் அவர்கள் எல்லாரையும் எங்களுக்குத் தெரியும்.

வரிசையாகவே எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் தேவாலயத்தில் தமிழ்த் திருப்பலி. இந்த மாதம் மன்றாட்டு வாசிப்பது அப்பாவின் முறை. நான் டைப் செய்து தருவதை அவர் முன்கூட்டிப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் பக்தி குறைந்துவிடுமாம். "புலம்பெயர்ந்து உழைக்கும் எம் சகோதரர்களுக்கு உடல்நலம் தந்தருளும்" என்று குரல் தழுதழுக்க வாசித்தார். சகோதரர்களும் பாடகர் குழுவில் நின்று, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

மத்தியானமே ஆண்டவர் கேட்டருளினார். சகோதரர்கள் திடலில் கிரிக்கெட் ஆடினார்கள்.

"செலஸ்டின், மூஞ்சி தெளிவா விழற மாதிரி ஃபோட்டோ எடு லா!" அப்பா ஜன்னலில் கொதித்தார்.

"காலையில பிரதர்னீங்க, இப்ப ஆளுங்கன்றீங்க?" என்றார் அம்மா.

"சர்ச்சுல பிரதர்தான். ஃபீல்டு ரெசிடென்ட்ஸுக்கு."

"நீங்க என்னைக்குங்க அந்தப் புல்லை மிதிச்சீங்க?"

அப்பாவின் உடற்பயிற்சி ஹாலில் உள்ள ட்ரெட்மில்லில் நடக்கிறது. அதாவது, அதில் அவர் சட்டைகள் காய்கின்றன.

புகார் போனதும் அவரே கீழே இறங்கினார். நானும் போனேன். தூத்துக்குடிக்காரரான ஆர்னால்ட், ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், மட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஆறு நாளும் கப்பலுக்குள்ள குனிஞ்சே கெடக்கோம். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நிமிர்ந்து ஓடுதோம்."

"உங்க டார்மிட்டரியில ஓடுங்க."

"அங்க வரிசையில நிக்கத்தான் எடம் உண்டு, அண்ணாச்சி."

"கம்ப்ளெய்ன்ட் போயாச்சு. ஆஃபீசர் வர்றதுக்குள்ள கிளம்பிடுங்க."

ஆர்னால்ட் என்னைப் பார்த்தார். நான் கைபேசியைப் பைக்குள் போட்டேன். அவர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கினார்கள். போகும்போது அவர் திரும்பிக் கேட்டார்: "அண்ணாச்சி, சர்ச்சுத் திருவிழாவுக்கு நாற்காலி எறக்க நாங்க வரணுமா?"

"பின்ன? வராம? வேற யாரு தூக்குவா?"

மாலையில் அப்பா ஜன்னலருகே காப்பி குடித்தார். "எவ்ளோ பச்சையா இருக்கு பாரு!" என்றார். திடலில் ஒரு மைனா மட்டும் நடந்துகொண்டிருந்தது. அது ரெசிடென்ட் போலிருக்கிறது.

நான் செய்யப்போவது சரிதானா என்று தெரியவில்லை. கீழே உள்ள வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மீண்டும் எழுதினேன்.

நாளைய வேலை: மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் அடுத்த ஞாயிறு மன்றாட்டை டைப் செய்ய வேண்டும். 'சகோதரர்கள்மேல் புகார் செய்து, அவர்கள் ஓடி விளையாடிய திடலிலிருந்து அவர்களை விரட்டிய எங்களை மன்னித்தருளும்.' அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியும்படி, பெரிய எழுத்தில்.