இரண்டாம் நம்பர் குப்பி

என் அண்ணிக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. அவளிடம் போய் ரகசியத்தை ஒப்படைத்தார்களே, அந்த மகராசர்களைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு நொதியை மடக்கப் பார்க்கிறோம். நின்றுபோன ரத்தம் இதயத்துக்குத் திரும்பியதும், "செத்துப்போ, செத்துப்போ" என்று செல்களுக்குச் சேதி கடத்துகிற கோள்மூட்டி அது. அதன் வாயைக் கட்ட ஒரு மருந்து. ஒரு குப்பியில் மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். மேலே ஒட்டியிருப்பது ஒன்று, இரண்டு என்ற எண் மட்டும். எது எதுவென்று, இங்கேயே வேலை பார்க்கும் அண்ணிக்குத்தான் தெரியும். எலியின் இதயத்தைக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, அரை மணி நேரம் திரவ ஓட்டத்தை நிறுத்தி, மறுபடி திறக்கும்போது ஒரு குப்பியில் இருப்பதைச் செலுத்தி, பிறகு நறுக்கிச் சாயத்தில் போட்டுப் படமெடுத்து அளப்பேன். சிவந்தால் உயிர், வெளுத்தால் சாவு. எந்தக் குப்பியில் மருந்து என்று தெரியாமல் அளந்தால்தான் அளவு சுத்தம்.

போன வருஷம் என் அண்ணனுக்கு மாரடைப்பு. பிழைத்தான்; ஆனால் மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறான். இந்த மருந்து அவனுக்கு இனி உதவாது. இருந்தாலும் இது பலிக்க வேண்டுமென்று அண்ணி தவம் கிடந்தாள். நானும்தான்.

பன்னிரண்டு இதயம் வரை கவனித்தேன். இரண்டாம் குப்பி என்றால் மட்டும் அண்ணி எழுந்து வந்து குழாய்ப் பக்கத்தில் நிற்பாள். ஒன்றென்றால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். இது போதாதா? இரண்டுதான் மருந்து. அப்புறம் பாழாய்ப்போன என் கண், இரண்டாம் குப்பியில் வெளிறிய ஓரத்தைக்கூடச் சிவப்பென்றே அளந்தது.

கடைசி நாள் மனசு உறுத்தியது.

"அண்ணி, என் அளவை நம்பாதீங்க. ரெண்டுதான் மருந்துன்னு உங்க மூஞ்சியே சொல்லிடுச்சு."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். படங்களில் எண்ணை மறைத்து, அடுத்த அறைக்காரரிடம் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னாள். அவர் அளந்து தந்த பிறகுதான், எது மருந்தென்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்தாள். ஒன்றாம் குப்பியில் சிவப்பு எக்கச்சக்கம். ஒன்றுதான் மருந்து.

பலித்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் அடங்கிய பிறகுதான், அப்படியென்றால் உப்புத் தண்ணீர்ப் பக்கம் எதற்கு நின்றீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

அண்ணி கையுறையைக் கழற்றினாள்.

"அதுக்கு மருந்து இருக்கு. இதுக்கு யாரு இருக்கா? அன்னைக்கு உங்கண்ணனும் தனியாத்தானே கிடந்தாரு. நான் போய்ச் சேர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆயிடுச்சு."