மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்ன மிஸ்

2003 மண்சரிவு முடிந்து ஏழு மாதம் ஆகியும் என் கால் சரிவில் நிற்க மறுத்தது. கல் உருண்டு முறிந்த எலும்பு கூடிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆனால் றப்பர் மலையில் நாலு மரம் பால் வெட்டுவதற்குள் தலை சுற்றி விழுந்துவிடுவேன்.

"மூக்காயி, மாசக் கடைசிக்குள்ள நேரா நில்லு. இல்லாட்டி உன் மரத்தையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார் கங்காணி. அதில் பாதி, அந்த மண்சரிவில் செத்துப்போன என் புருஷன் இருளப்பன் வெட்டிய மரங்கள். அவற்றில் வேறொருவர் கத்தி படுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் பளீலா மிஸ்ஸின் டாய் சி வகுப்புக்குப் போனேன். சனிக்கிழமைகளில் ருவான்வெல்லை டவுனிலிருந்து வந்து, தோட்டத்து டிஸ்பென்சரி வராந்தாவில் சொல்லிக்கொடுப்பார். தடுமாறாமல் நிற்கப் பழக்கும் சீனத்துப் பயிற்சியாம். உடம்புப் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக, மிக மெதுவாக மாற்ற வேண்டும். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுலபமாகவே வந்தது. மரத்தைச் சுற்றி அரைவட்டமாக நகர்ந்தே பழகிய கால்கள்.

மூன்றாவது வாரம் மிஸ் சொன்னார்: "இப்ப ரெண்டு கையையும் முன்னுக்கு வளைங்க. ஒரு மரத்தக் கட்டிப்பிடிச்ச மாதிரி."

நான் வலது கையை மட்டும் வளைத்தேன்.

"மத்தக் கை?"

"பால் வெட்டுறவங்க மரத்தக் கட்டிப்பிடிக்க மாட்டோம் மிஸ். பால் சட்டையில ஒட்டுனா போகாது" என்று சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார். மண் என் புருஷனைப் பறித்துக்கொண்டு போனது என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மிஸ்ஸிடம் அந்தப் பொய் வரவில்லை.

"மண்ணு வந்தப்போ இந்த இடது கையில அவரு கை இருந்துச்சு மிஸ். மத்தக் கையால மரத்தப் புடிச்சிருந்தேன். மரம் வழுக்கிருச்சு. மரத்தப் புடிக்க ரெண்டு கையும் வேணும்னு அவர விட்டுட்டேன்."

மிஸ் என் இடப்பக்கம் வந்து நின்று, அந்தக் கையைப் பிடித்து மெல்ல வளைத்து, வலது கையோடு சேர்த்து வைத்தார்.

"மூச்ச விடுங்க. அப்பிடியே நில்லுங்க."

நின்றேன். கால் நடுங்கவில்லை. தலை சுற்றவில்லை.

"பாத்தீங்களா, நீங்க விழல்ல" என்றார்.

"அன்னைக்கும் நான் விழல மிஸ்."