தண்ணி ஊத்தினவன்

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றாதே என்று ஊரே சொல்லும். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதே என்று நாள் தவறாமல் சொன்னவர் சிப்ஸ் மாஸ்டர் ஒருவர்தான். "சட்டி பத்திக்கிச்சுன்னா கேஸ மூடு, சட்டிய மூடு. தண்ணிய மட்டும் ஊத்தினே, ஒரு நெருப்பு நூறாயிடும். ஊத்துறவன் கைய நானே ஒடிப்பேன்" என்பார். அவர் மனைவிக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அடுப்புப் பக்கம் அவளுக்கு வேலையே கிடையாது. எடை போடுவது, பொட்டலம் கட்டுவது, வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசுவது, அவ்வளவுதான். கிழங்கைச் சீவிச் சட்டியில் போடுவது அவள் தம்பி. மாஸ்டருக்கு அவன்மேல் பிரியம்கூட. "பய தொழிலப் புடிச்சுக்கிட்டான், தனியா ஒரு கடை வச்சுக் குடுத்துடுவேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மச்சினனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் மனிதர்கள் உலகத்தில் எத்தனை பேர், சொல்லுங்கள்!

கேட்கிற காது வேறு, பதறுகிற கை வேறு. ஒருநாள் மத்தியானம் சட்டி புகைந்து, மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் குப்பென்று பற்றிக்கொண்டது. அவர் கேஸை மூடக் குனிந்தார். தம்பி சுவரில் சாத்தியிருந்த தகர மூடியை எடுக்க ஓடினான். இவள் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். புருஷன் தலைக்குமேல் நெருப்பைப் பார்த்தாளோ இல்லையோ, கிழங்கு அலசும் வாளியைத் தூக்கி வாசற்படியில் நின்றபடியே வீசிவிட்டாள். கூரைவரை எழும்பியது பாருங்கள் ஒரு தீ! மாஸ்டர் அலறியது தெருமுனை வரைக்கும் கேட்டது. தம்பிதான் மூடியோடு அந்தத் தீக்குள் போய்ச் சட்டியை மூடினான். தகரம் பழுக்கக் காய்ந்தும் கையை எடுக்கவில்லை. அணைந்தபிறகு மாமாவை வெளியே இழுத்துப் போட்டான். வாளியை வீசியவள்மேல் ஒரு பொறி படவில்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்டர் முகம் முழுக்கக் கட்டு. தலைமாட்டில் அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார். கதவோரத்தில் தம்பி, இரண்டு கையிலும் கட்டோடு. நினைவு தெளிந்ததும் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "யாரு தண்ணி ஊத்தினது?"

தம்பி, கட்டிலோரம் நின்ற தன் அக்காவைப் பார்த்தான். அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதில் பொய்யில்லை. அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"இதுல கேக்க என்னடா இருக்கு? அவன் கையப் பார்த்தாலே தெரியுதே. ரெண்டும் வெந்து கெடக்கு. பக்கத்துல நின்னு ஊத்தாம இது எப்படி வரும்?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த நிமிஷம் மாஸ்டர் மனைவிக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நிம்மதியாக இருந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டு கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். பிறகு, "தெரியாம நடந்துடுச்சு மாமா" என்றான்.

வெளியே வராந்தாவில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கட்டுப் பிரிக்கட்டும்டா. நானே சொல்லிடுறேன்."

"அவசரமில்லக்கா. மாமா முதல்ல தேறட்டும்" என்றான் அந்தப் பைத்தியக்காரன்.

கட்டுப் பிரித்தார்கள். ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணால் மாஸ்டர் முதலில் அவளைத்தான் பார்த்தார். "உன் முகத்த மறுபடி பாப்பேன்னு நெனக்கலடி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதே மூச்சில், "உன் தம்பியாப் போயிட்டான், வுட்டேன். வேற யாராச்சும்னா உயிரோட வுட்டிருக்க மாட்டேன். இனி என் வாசப்படி மிதிக்கக்கூடாது அவன்" என்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவளோ மாத்திரையை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வந்தால்தானே!

தம்பியின் துணிமணிகளை நாத்தனார் ஒரு பையில் திணித்து வாசலில் வைத்தாள். சிப்ஸ் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு அது. "தண்ணி ஊத்தினவன்" என்ற பெயர் அவனுக்கு முன்னால் ஓடி ஒவ்வொரு கடையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சட்டி தேய்க்கக்கூட எவனும் சேர்க்கவில்லை. கையும் பழைய கையில்லை. விரல்கள் பாதிக்குமேல் நிமிரவில்லை.

மாஸ்டர் அயர்ந்து தூங்கும் வேளை பார்த்து ஒருநாள் பின்வாசலுக்கு வந்தான். இளைத்துத் துரும்பாகியிருந்தான்.

"மாமாகிட்ட நீ சொல்லவே வேணாங்க்கா. அது போகட்டும். பேக்கரிக்காரர் அடுப்படியில வேலை தரேங்கிறார். எதுக்கும் உங்கக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னார். நல்ல பையன்தான், அவன்மேல தப்பில்லன்னு சொல்லிடு. எனக்கு அது போதும்."

"சொல்லாம? நீ எனக்குப் புள்ள மாதிரிடா. இதக்கூடவா சொல்ல மாட்டேன்?" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் பேக்கரிக்காரர் வந்தார். கடை முகப்பில் மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நலம் விசாரித்துவிட்டு, பேக்கரிக்காரர் தராசருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உன் தம்பி வேலை கேட்டு வந்தான்மா. ஆளு எப்படி? ஊரு ஆயிரம் பேசும். நீ சொல்லு, நான் நம்புறேன்."

தொண்டைவரை வந்துவிட்டது. அவன்மேல் தப்பில்லை. இரண்டே வார்த்தை. ஆனால் அவன்மேல் தப்பில்லை என்றால், அப்புறம் யார்மேல்? பேக்கரிக்காரர் கேட்காமல் இருப்பாரா? அவர் கேட்காவிட்டாலும் பொழுது சாய்வதற்குள் நாத்தனார் காதுக்குப் போகும், அவள் கேட்பாள். மாஸ்டரின் அந்த ஒற்றைக் கண் இவள் பக்கம் திரும்பும். நாற்காலியிலிருந்து அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"தம்பிதான், இல்லேன்னு சொல்லல அண்ணே" என்றாள். "ஆனா நெருப்புப் பக்கம் மட்டும் அவன விடாதீங்க. கை பதறும் அவனுக்கு. என் வீட்டுல பட்டது போதும், இன்னொரு வீட்டுல வேணாம்."

தள்ளி நின்று வாளி வீசியவளின் வாய் சொல்கிறது இதை!

"கூடப்பொறந்தவ நீயே சொன்னப்புறம் என்ன இருக்கு? நல்லவேளை கேட்டேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"அவ அப்படித்தான், சொந்தம்னுகூடப் பாக்க மாட்டா, உள்ளதச் சொல்லுவா" என்று மாஸ்டர் நாற்காலியிலிருந்து பெருமையோடு சொன்னார்.

தம்பி எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். துவைத்த சட்டை போட்டிருந்தான். பேக்கரிக்காரர் வருவதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவர் நிற்காமல் நடந்தார். அவன் பின்னாலேயே போய் ஏதோ கேட்டான். அவர் திரும்பாமலே இந்தக் கடையைக் கைகாட்டினார்.

தம்பி அங்கேயே நின்று கடையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, எடை சரியாக இருந்த பொட்டலத்தை எடுத்து மறுபடியும் எடை போட்டாள்.