சுட்டுவிரல் நார்

சொர்ணத்தைத் தள்ளிவிட்டது அவள் மகன் சீனுதான். ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு, நீலசந்திரா ஏரியாவில் இருந்த தங்கள் வீட்டுக்கு வந்தவன் மறுபடியும் வண்டியை எடுக்கப் பார்த்தான். அவள் சாவியைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். தள்ளினான். வாசற்படியில் வலது கையை ஊன்றி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்ற சீனு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அவள் கார்மெண்ட்ஸ் வேலைக்குத் திரும்பினாள். தைத்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. ஒரு நாள் கத்தரியை விரிக்கும்போது கைக்குள் ஏதோ அறுந்தது. வலிகூட அதிகமில்லை. ஆனால் கட்டைவிரல் தொங்கிப்போயிற்று. மடக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை.

"எலும்புல ஒரசி ஒரசி தசைநார் நைஞ்சு அறுந்துடுச்சு. திரும்பச் சேத்துத் தைக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "சுட்டுவிரல நீட்ட ரெண்டு நார் இருக்கு. அதுல ஒண்ண எடுத்துக் கட்டைவிரல்ல இணைச்சுடலாம்."

ஆபரேஷன் முடிந்து கை கட்டுக்குள் இருந்த வாரங்களில் எல்லாவற்றையும் சீனுதான் செய்தான். சோறு பிசைந்து கொடுத்தான். கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டான். குடியை விட்டிருந்தான். ஆனாலும் அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் மூச்சை இழுத்து வாசனை பார்த்தாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

பிசியோதெரபிக்கு அவனே அழைத்துப் போனான். அங்கே ஷில்பா என்ற பெண் அவள் கையை மேசைமேல் வைத்தாள்.

"கட்டைவிரல பத்தி யோசிக்காதீங்கம்மா. அது இப்போ சுட்டுவிரல் நார்ல ஓடுது. எதையாவது சுட்டிக்காட்டுங்க. ஸ்வல்ப, கொஞ்சமா காட்டினா போதும். தானா எழும்பும்."

சொர்ணம் கதவைக் காட்டினாள். ஜன்னலைக் காட்டினாள். கட்டைவிரல் அசையவில்லை.

"மனசாரக் காட்டணும். உங்க மகன் நிக்கிறாரே, அவரக் காட்டுங்க. 'இவன்தான்'னு சொல்ற மாதிரி."

அவள் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அவன் வேணாம்மா."

சீனு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "காட்டும்மா."

காட்டினாள். கட்டைவிரல் நடுங்கியபடி மேலே எழுந்தது. ஷில்பா கைதட்டிச் சிரித்தாள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவன் கேட்டான். "அன்னிக்கே டாக்டராண்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கை சரியாயிடுமா?"

"அதுக்கில்லம்மா..."

"பஸ் வருது, ஏறு."

சில மாதங்களில் அவள் மறுபடி கத்தரி பிடித்தாள். முன்னைப்போல வேகமில்லை, ஆனால் பிடித்தாள்.

ஒரு காலையில் அவள் அடுப்பருகே நின்றிருந்தாள். பின்னாலிருந்து வந்த சீனு மேல்தட்டை எட்டக் கையைத் தூக்கினான். அவள் சட்டென்று குனிந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"டீத்தூளும்மா" என்றான் மெல்ல.

"தெரியும்டா."

டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டு அவன் வெளியே போய்விட்டான். இப்போதெல்லாம் அவள் சமைத்துக்கொண்டிருந்தால், உள்ளே வருவதற்கு முன் வாசலில் நின்று ஒருமுறை இருமுகிறான்.