பெயரோடு கழன்ற துண்டுகள்

யோகநாதனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பன்னிரண்டாம் நாள், தங்கை கௌரி ஒருகொடவத்தையிலுள்ள கப்பல் கொள்கலன் முற்றத்து அலுவலகத்தில் அவன் எழுதிய புரோகிராமைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அங்கேதான் வேலை. வெள்ளவத்தைச் சுற்றிவளைப்புச் சோதனையில் அவன் பையில் அகப்பட்ட சீடியிலும் இதே புரோகிராம்தான் இருந்தது. கொள்கலன் எடையும் ரசீதும் பார்க்கிற அப்பாவிச் சாமான். திறந்து பார்த்த அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போர் நடந்த 2008இல் விளங்காததெல்லாம் குண்டுதான்.

அவன் கைப்பட எழுதிய மூலம் வீட்டுக் கணினியில் இருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் அதைத் தூக்கிப் போனதோடு அது காணாமலே போயிற்று. மிஞ்சியது மெஷினுக்கு மட்டும் விளங்கும் கோப்பு. உள்ளே இருப்பதைப் பொலிஸுக்கு எழுதிக் கொடுத்தால் ஆளை வெளியில் எடுக்கப் பார்க்கலாம் என்று சட்டத்தரணி தில்லைநாதன் சொல்லியிருந்தார்.

கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தாள். கோப்புக்குள்ளிருந்த ஃபங்ஷன்கள், ஒரு வேலைக்கு ஒரு துண்டாக, பெயரோடு கழன்று வந்தன. ராமையா வெயிட். ஐறீன் ரிசீட். கௌரி க்ளோஸ். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார் கேட்டு எழுதினானோ அவர் பெயரையே துண்டுக்கு வைப்பது அண்ணனின் பழக்கம். தராசடி ராமையா, லொறியின் எடை தானாகக் கழிய வேண்டும் என்று கேட்டிருந்தார். கொட்டாஞ்சேனை ஐறீன் ரசீதுக்கு இரண்டாம் பிரதி கேட்டிருந்தாள். புரோகிராமை மூடுமுன் ஒருதரம் கேட்கச் சொன்னது கௌரி.

பெயர்களை எடுத்துவிட்டு இலக்கம் போடவா என்று தில்லைநாதனிடம் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. ஒளிக்கிற மாதிரிக் கிடக்கும். உள்ளது உள்ளபடி குடுப்பம்."

உள்ளது உள்ளபடியே கொடுத்தாள். போதாதென்று, பெயருக்குப் பக்கத்தில் ஆள் யார், எங்கே இருக்கிறார் என்றும் சிங்களத்தில் அழகாக எழுதினாள். ராமையாவுக்குச் சொந்த ஊர் ஹட்டன் தோட்டம், இப்போது ஹெந்தளையில் வாடகை அறை. அத்தனை நேர்மை. பிறகு நினைக்க நினைக்க அவளுக்குத் தன் கையையே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

ஏனென்றால் தாளைக் கொடுத்த மூன்றாம் நாள் காலை பொலிஸ் ஜீப் வந்தது. அவர்களிடம் அவள் எழுதிய தாள், பெயர்களுக்கு மட்டும் கோடிட்டு, இருந்தது. தராசடியில் நின்ற ராமையாவை இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள். அலுவலக வாசலைத் தாண்டும்போது அவர் அவளைப் பார்த்து நின்றார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, அந்தப் பொட்டிக்குள்ள எம்பேரு எப்புடிம்மா போச்சு?"

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அவரை ஏற்றிவிட்டார்கள்.

அண்ணன் வரவில்லை. மறுநாள் ஐறீனும் வேலைக்கு வரவில்லை. வீட்டில் இல்லை என்று அவள் தாய் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஓடிப்போனாளா, கொண்டுபோனார்களா என்று கேட்கக் கௌரிக்கு இடம் கிடைக்கவில்லை. தாளில் மிச்சமிருந்தது ஒரு பெயர்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அடையாள அட்டையையும் தங்குமிடம் பதிந்த பொலிஸ் துண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, புரோகிராமை மூடப்போனாள். வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. யாரும் இறங்கும் சத்தம் கேட்கவில்லை. திரையில், அவளுக்காக அண்ணன் எழுதிய சின்னப் பெட்டி எழும்பி நின்று, எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியாயிற்றா என்று கேட்டது.