கொங்கிறீட்டுக்கு மேல் கிடுகு

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள். என் மூத்த சகோதரி றஹ்மா ராத்தாவுக்காக வந்த இரண்டு பகுதியாரும் தகரக் கூரையைப் பார்த்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், பிறகு வரவில்லை.

வாப்பாவுக்குத் துறைமுகத்தில் சீமெந்துக் கிடங்கில் வேலை. தகரத்தைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் கூரை போட்டார். கிண்ணியாவில் எங்கள் தெருவில் அதுதான் முதலாவது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எங்களால் உள்ளே இருக்க முடியவில்லை.

கொங்கிறீட் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்து இரவில் திருப்பித் தரும். இதை நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். உம்மாவுக்குப் பாயில் படுத்த முதல் இரவே தெரிந்துவிட்டது. அது கச்சான் காற்று அனலாக வீசும் மாதம்.

வாப்பா வேலையாகப் புல்மோட்டைக்குப் போனபோது ராத்தாவும் நானும் கூரையில் ஏறினோம். கல் வைத்து, கமுகஞ் சலாகைகளைக் கிடத்தி, அவற்றின் மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தோம். காற்று ஓடக் கீழே இடைவெளி விட்டோம். மறுநாள் நண்பகல் அறைக்குள் ஐந்து பாகை குறைந்திருந்தது. உம்மாவிடம் வெப்பமானியைக் காட்டப் போனேன். அவர் நித்திரையாக இருந்தார்.

ஞாயிறு காலை வாப்பா திரும்பி வந்தார். அன்று மாலை தோப்பூரிலிருந்து மூன்றாவது பகுதியார் வருவதாக இருந்தது.

“ஊரெல்லாம் கொங்கிறீட் எண்டு சொல்லி வச்சிருக்கன். நீ அதுக்கு மேல குடிசை கட்டியிருக்காய். கழட்டு!”

“வெயில் தாழட்டும்” என்றார் உம்மா.

தோப்பூர்க்காரர் வெயில் தாழும்வரை காத்திருக்கவில்லை. லுஹர் தொழுகை முடிந்ததும் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு முறை போனார்கள். கடைசியில் ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணீர்க் கடையில் விசாரித்தார்கள்.

“கொங்கிறீட் வீடா? அந்தா, அந்தக் கிடுகு வீடு.”

மாப்பிள்ளை ஸுஹைரின் தாய் நஜ்முன் நிஸா மாமி கதிரையில் இருந்தார். அவருடைய தம்பி முத்தலிப் மாமா உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

“தரகர் கொங்கிறீட் எண்டல்லவா சொன்னவர்?”

“கொங்கிறீட்தான்” என்றார் வாப்பா.

“அப்ப மேல கிடக்கிறது என்ன, தொப்பியா?”

“அது என்ட இளைய மகள்ற வேலை. படிச்சவ.” வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

குசினித் திரைக்குப் பின்னால் ராத்தா என் கையைக் கிள்ளினாள்.

“இவங்களும் போனா நீதான்டி எனக்கு மாப்பிள்ளை தேடோணும்.”

எனக்குக் கடைக்காரரிடம் உப்பு கேட்கவே வாய் வராது.

முத்தலிப் மாமா ஏணி கேட்டு வாங்கி மேலே ஏறினார். கிடுகை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு கல்லால் தட்டினார். ஒரு மூலை, மறு மூலை, நடு. மாமி தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார், கதிரையில் சாய்ந்தார், கண்ணை மூடினார்.

முத்தலிப் மாமா வியர்வையோடு இறங்கி வந்தார்.

“கொங்கிறீட்தான்! தடிப்பும் காணும்!”

“மெல்லக் கதைங்க” என்றார் உம்மா.

மாமி மெல்லக் குறட்டை விட்டார். சம்பந்தம் பேச வந்தவரை எழுப்புவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் முத்தலிப் மாமாவும் கதிரையில் சாய்ந்தார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மாமி எழும்பினார்.

“எங்கட வீட்டுல இந்த நேரம் கண் மூட ஏலாது” என்றார். “கொங்கிறீட்தானே?”

“ஓம் ராத்தா” என்றார் அவருடைய தம்பி.

மாமி யோசித்தார்.

“கிடுகு கிடக்கட்டும். ஆனா தெருப்பக்கம் கொஞ்சம் திறந்து விடுங்க. சனம் பாக்கோணும்.”

வாப்பா உடனே சம்மதித்தார். அதன் பிறகுதான் மாமி, பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.

மழைக்கு முன்னர் கலியாணம் முடிந்தது. இப்போது தெருப்பக்கம் இரண்டு முழம் கொங்கிறீட் தெரிகிறது. அதற்கு நேர்கீழே விறாந்தையில் இருந்தால் உச்சி கொதிக்கும். மற்ற இடமெல்லாம் குளிர்ச்சி என்று முத்தலிப் மாமாவுக்கு ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். வரும்போதெல்லாம் அவர் அங்கேதான் கதிரையைப் போடச் சொல்கிறார். தெருவில் போகிறவர்கள் மேலே பார்க்கிறார்களா என்று, நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கவனிக்கிறார்.