ஐந்து நட்சத்திரமும் சத்தியசீலன் சாரும்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. திருமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த எஸ்தர் சொன்னது. திருநகரில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசை அவளுடையது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். யாருக்கு நடந்தது, என்ன வைத்தியம் என்பதை மட்டும் காளவாசலிலிருந்து பசுமலை வரை நச்சரித்தும் சொல்லவில்லை. ஆகவே பெயர்களெல்லாம் நான் வைத்தவை, எஸ்தர் உட்பட.

வியாதி?

[முதல் வரைவு: "மூலத்துக்குப் பேர்போன அந்த" – அடித்துவிட்டேன், எனக்கே சிரிப்பு வருகிறது. அடுத்தது: "குழந்தையில்லாத தம்பதிகள்" – வேண்டாம், கண் கலங்குகிறது. மூன்றாவதாகப் பொடுகு. பொடுகுக்கு யார் இம்புட்டு பயப்படுவார்கள்?]

சரி, வெளியே சொல்லக் கூசுகிற ஏதோ ஒன்று. உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். அதையே போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

2

முகைதீன் பிச்சைக்குக் காளவாசலில் பெயிண்ட் கடை. ஆறு மாத வைத்தியத்தில் அவருக்கு நல்ல குணம். சந்தோஷம் தாங்காமல் இணையத்தில் கிளினிக்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, இரண்டு பத்தி பாராட்டும் எழுதினார். டாக்டர் தங்கமானவர். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குச் சிரித்த முகம் (இதை எஸ்தர் மூன்று முறை வாசித்தாளாம்). ஏசி நன்றாகக் குளிர்கிறது. கடைசி வரி இது: "என் மகன் படித்த பள்ளியின் ஹெட்மாஸ்டர் சத்தியசீலன் சாரே இங்குதான் வருகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்."

பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அது அந்தப் பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது.

சத்தியசீலன் போனில் கத்தியிருந்தால் எஸ்தர் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகப் பேசினார்.

"அத எடுக்கச் சொல்லும்மா. ஞாயித்துக்கெழம நான் சர்ச்சுல எந்திரிச்சு நின்னு வேதம் வாசிக்கணும்."

3

எஸ்தர் அந்த இணையதளத்துக்குப் புகார் அனுப்பினாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சத்தியசீலன் சார் இங்கே வருவதேயில்லை என்று அந்தப் பாராட்டுக்குக் கீழே எழுதிவிடலாமா என்று டாக்டர் சூரியபிரகாஷிடம் கேட்டாள். வரவில்லை என்றால் பொய், வருகிறார் என்றால் துரோகம் என்றார் டாக்டர்.

ஆக, பிச்சையே வந்து அழித்தால்தான் உண்டு. ஏன் அழிக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லக்கூடாது. சத்தியசீலனை அவர் கண்ணால் பார்த்தவர்தான். இருந்தாலும் கிளினிக்கின் வாயிலிருந்து 'ஆமாம்' என்று வந்துவிடக்கூடாது.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒன்றைச் சொல்லாமல் அதைப் பற்றியே பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எஸ்தருக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் காளவாசலுக்கு பஸ் ஏறிவிட்டாள்.)

4

பிச்சைக்கு அவளைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. ரோஸ் மில்க் வரவழைத்தார். நீங்கள் எழுதியதில் கொஞ்சம் மாற்ற வேண்டும் பாய் என்று அவள் இழுத்ததும், பாராட்டு பற்றவில்லை என்று எடுத்துக்கொண்டார். அவள் கண்முன்னாலேயே போனை எடுத்துத் தட்டினார். கிளினிக்கின் படிக்கட்டைப் புகழ்ந்தார், தண்ணீர் கேனைப் புகழ்ந்தார். அவள் பாதி டம்ளர் குடிப்பதற்குள் திருமங்கலத்து வக்கீல் ஒருவரையும் பருத்தி வியாபாரி ஒருவரையும் பெயரோடு சேர்த்துவிட்டார்.

எஸ்தர் அங்கேயே உடைந்து அழ–

[இல்லை, அழவில்லை. என் வசதிக்கு அழவைக்கப் பார்த்தேன். அவளுக்கு வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல் புரையேறி, ரோஸ் மில்க் மூக்கு வழியே வந்தது.]

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாய், எல்லாரு பேரும் இருக்கு. ஒங்களுக்கு என்ன செஞ்சுச்சுன்னு மட்டும் எழுதலையே?"

அதற்கென்ன என்று பிச்சை விரலைத் தூக்கினார். எதிரே மருமகள் நாஸியா ஒரு குடும்பத்துக்குக் கலர் அட்டையைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிய விரல் அந்தரத்தில் நின்றது.

"அத எப்படிம்மா எழுத?" என்றார், எஸ்தருக்கு மட்டும் கேட்கும்படி.

பிச்சை அதே விரலால், எழுதியது முழுவதையும் அழித்தார்.

"சாரு இதப் பாத்துட்டாரா?"

ரோஸ் மில்க் நன்றாக இருக்கிறது என்றாள் எஸ்தர்.

5

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் பிச்சை ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று சபை முழுக்கக் கூடிவிட்டதால் அதைக் கிழித்தேன். இன்னொன்றில் ஊரே மறந்துவிட்டது. எந்த ஊர் மறந்திருக்கிறது?

நடந்தது இதுதான். சத்தியசீலன் அந்த ஞாயிறு எழுந்து நின்று வாசித்தார். இரண்டு இடத்தில் குரல் தடுமாறியது, நிறுத்தவில்லை. வியாழக்கிழமை பிச்சை கடைசி செக்கப்புக்கு வந்து கிளினிக் கதவைத் தள்ளினார். உள்ளே சத்தியசீலன். கூடம் நிறைய ஆட்கள், காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை. எஸ்தர் அவசரமாக நோட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

சத்தியசீலன் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இதற்குமேல் எஸ்தர் சொல்லவில்லை, நானும் புனையப்போவதில்லை. பிச்சை இன்னும் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். உட்காரவைப்பதோ திருப்பி அனுப்புவதோ உங்கள் பாடு.